சுவருக்கு அம்மை கண்டது

இப்பல்லாம் எவனுக்கும் எதையும் கையால் தொட்டுப் பார்க்கிற வழக்கம் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்க மாட்டான், போனை நீட்டுவான். மழை வருகிறதா என்று வாசலுக்கு வந்து பார்க்க மாட்டான், அதையும் போனைத்தான் கேட்பான். நனைந்துகொண்டே கேட்டவனை நானே பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் இன்னும் மோசம். கீழே அந்தக் குழியில் ஒரு சுவருக்கு மட்டும் முப்பத்தாறு கருவி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அந்தச் சுவரில் கை வைத்து மோந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் பெயர் திம்மராயன். மூணாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மற்றபடி எனக்குத் தெரிந்தது கல்.

பசவன்கல் மலைக்கு அடியில், ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் அந்த நிலையம். பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். நாங்கள் குழி என்போம். அணு உலைகளில் எரிந்து தீர்ந்த கழிவை இரும்புப் பெட்டியில் அடைத்து, பாறைக்குள் துளை போட்டு, காலத்துக்கும் புதைத்து வைக்கிற இடம். அதில் எனக்கு வேலை, கடப்பாரையால் கூரையையும் சுவரையும் தட்டிப் பார்ப்பது. கெட்டியாக இருக்கிற பாறை கணீர் என்று பேசும். உள்ளே விரிசல் விட்டுப்போன பாறை பொத்தென்று பேசும். பொத்தென்றால் நெம்பிக் கீழே தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது யார் தலையிலாவது தானே இறங்கும்.

அங்கே பாறையைப் பார்த்துக்கொள்கிற பெரிய படிப்புக்காரி டாக்டர் செலின். நாகர்கோவில் பக்கம். வந்த புதிதில் ஒருநாள் லிப்டில் கேட்டேன், "ஏம்மா, விஷத்தைப் புதைக்கிறீங்க, சரி. அதுக்கு எதுக்கு இத்தனை தெர்மாமீட்டரு?"

"ஐயா, அடுப்பை அணைச்ச பொறவும் அடுப்புக்கல்லு சுடும்லா? அது மாதிரித்தான். இந்தக் கழிவு முந்நூறு வருஷம் சுட்டுட்டே இருக்கும். பொறவு சூடு அடங்கிரும். விஷம் மட்டும் லட்சம் வருஷம் கிடக்கும். அந்த விஷத்தை நகர விடாம பிடிச்சு வைக்கது பாறைதான். அந்தப் பாறை முதல் முந்நூறு வருஷத்துல கெட்டுப்போயிரக் கூடாது."

"சூடு பட்டா பாறை என்ன ஆவும்னு என்னைக் கேளுங்க. முப்பது வருஷம் அதை வெச்சுத்தான் சோறு தின்னேன்."

பொய் இல்லை. கல்குவாரியில் மிஷின் வருவதற்கு முன்னால் நாங்கள் தீ வைத்துத்தான் பலகைக்கல் எடுப்போம். பாறை மேல் விறகை அடுக்கிக் கொளுத்தி, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே நெருப்பை நகர்த்துவோம். பாறை சூட்டில் உப்பும். உப்புவதற்கு இடம் இல்லாமல் மேல்தோல் மட்டும் பிரிந்து அப்பளம் மாதிரி எழும்பும். எழும்பாமல் அடம்பிடிக்கிற இடத்தில் ஒரு குடம் தண்ணியை ஊற்றுவோம். படாரென்று விடும்.

அதைச் சொன்னேன். செலின் மேடம் கேட்டுக்கொண்டாள். "நீங்க நானூறு டிகிரியில செஞ்சீங்க. இது நூறைத் தாண்டாது" என்றாள். படித்தவர்களிடம் எப்போதும் ஒரு நம்பர் இருக்கும்.

கழிவு வருவதற்கு முன்னால் சோதனை. குழியிலிருந்து நாலு கிளைகள் குடைந்து, ஒவ்வொன்றிலும் சுவருக்குப் பின்னால் ஹீட்டர் கம்பிகளைச் செருகி, கழிவு கொடுக்கிற அதே சூட்டைக் கரண்டில் கொடுத்தார்கள். இரண்டு வருஷம். அது முடிகிற வரைக்கும் சோதனைச் சுவர்மேல் என் கடப்பாரை படக்கூடாது என்று உத்தரவு. கருவிகளுக்குக் காது வலிக்குமாம்.

முதல் கிளை ஏழாம் மாதத்தில் உரிந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி, செதிலாகி, உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் சுவரே பாம்புச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. நாலாவது மட்டும் குண்டுமணி அளவுகூட உதிரவில்லை. சூடும் மற்ற சுவர்களைவிட இருபது டிகிரி கம்மி. அங்கே பாறையில் இயற்கையாக ஒரு ஊற்றுக்கசிவு இருக்கிறது, அது பாறையைக் குளிர வைக்கிறது, அதனால்தான் சுவரில் மஞ்சளாக ஒரு தாதுக்கறை படிந்திருக்கிறது என்று மேடம் ஒரு பெரிய கட்டுரையே எழுதினாள். டெல்லியில் இருந்து பாராட்டுக் கடுதாசி வந்தது. டைரக்டர் மகுடேஸ்வரன் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நாலாம் கிளை தேறிவிட்டது, அடுத்த மாதம் கழிவு வண்டி வரும் என்றார்.

பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்கு முன்னால் ஒருமுறை தட்டிவிடு என்று என்னை நாலாம் கிளைக்குள் விட்டார்கள்.

தட்டினேன். கணீர். நகர்ந்து தட்டினேன். கணீர். இரண்டு வருஷம் சூட்டில் வெந்த கல் இப்படிப் பேசாது. காய்ச்சல்காரன் எழுந்து கபடி ஆடுகிற மாதிரி இருந்தது. சுவரில் கையை வைத்தேன். ஈரம். மஞ்சள் கறையைத் தேய்த்து விரலை மூக்கில் வைத்தேன்.

அது தாதுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சமையல் மஞ்சள். மேலே ஒரு விளிம்பில் கருவிக் கம்பிக்குப் பின்னால் காய்ந்த வேப்பிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் வேப்பமரம் ஏது?

நாலாம் கிளையில் காலை ஷிப்டு கூட்டுகிறவள் என் மருமகள் கோமளா. என் மகன் பெங்களூரில் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டை நிறுத்தி வைத்திருப்பது இவள் சம்பளம்தான். மத்தியானம் கேன்டீன் பின்பக்கம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நேராகக் கேட்டேன்.

"நாலாங்கிளைச் சுவத்துல மஞ்சத்தண்ணி ஊத்துறது யாரு?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "ஏன் மாமா, சுவரு நல்லாத்தானே இருக்கு?"

"யாருன்னு கேட்டேன்."

"மூணு ஷிப்டு பொம்பளைங்களும்தான். ஷிப்டுக்கு ஒரு குடம்." குரலைத் தாழ்த்தினாள். "ஆரம்பத்துலயே அந்தச் சுவத்துல சின்னச் சின்னதா முத்து முத்தா எழும்பிச்சு மாமா. தொட்டா அனலு. எங்ககூடக் கூட்டுற பச்சையம்மாதான் முதல்ல பாத்துச்சு. 'அடியே, இதுக்கு அம்மை கண்டிருக்குடி, சத்தமாப் பேசாதீங்க'ன்னுச்சு. அன்னைக்கே மஞ்சளும் வேப்பிலையும் போட்டு ஊத்தினோம். பத்து நாள்ல முத்து அமுங்கிப்போச்சு. அப்புறம் எப்படி நிறுத்துறது? பாதியில நிறுத்தினா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

"கேமரா இருக்கே?"

"அது மணிக்கு ஒரு போட்டோதான் எடுக்கும். குடம் ஊத்த ரெண்டு நிமிஷம்."

"மத்த மூணு சுவத்துக்கும் ஊத்த வேண்டியதுதானே? அதுக்கும்தான் எழும்பிச்சு."

"அங்க கூட்டுறது ஆம்பளைங்க. சொன்னோம். சிரிச்சானுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அடிப்பாவி. சோதனை தேறினது கல்லாலன்னு நினைச்சுட்டிருக்கானுங்க. உன் குடத்தால தேறியிருக்கு. அடுத்த மாசம் வண்டி வருது, தெரியுமில்ல?"

அப்போதுதான் அவள் கை நின்றது. "சொல்லிடாதீங்க மாமா. சோதனையில கை வெச்சா ஜெயிலுன்னு கேட்டுலயே போர்டு மாட்டியிருக்கு. நான் கெட்ட எண்ணத்துல ஊத்தல."

"நீ ஊத்தினது தப்புன்னு நான் சொல்லலம்மா. நீ ஊத்தாத அன்னைக்கு என்ன ஆவும்? அதைச் சொல்லு."

டப்பாவை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். நானும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வயசில் எனக்கு இது புதுசு. சொன்னால் வீட்டுப் பெண் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பாள். சொல்லாவிட்டால், வெறும் குடத்தை நம்பி அந்த நெருப்பை மலைக்குள் இறக்குவார்கள். மலைக்குக் கீழேதான் எங்கள் கிணறு எல்லாம் ஊறுகிறது. மூன்றாம் நாள் காலையில் அவளிடமே சொன்னேன், "நான் போய்ச் சொல்லப்போறேன். உன் பேரைக் கடைசியாச் சொல்றேன்." "எப்படிச் சொன்னாலும் பேரு பேருதானே" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

செலின் மேடம் நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கீழே வந்தாள். சுவரில் கை வைத்தாள். மோந்தாள். அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா மஞ்சப்பொடியைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கேன் ஐயா."

"ஆமா. நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொன்னாங்க."

முறைத்தாள். அப்புறம் போனை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஒரு குடம் தண்ணி ஆவியாகிப் போகும்போது எவ்வளவு சூட்டை அள்ளிக்கொண்டு போகும், மூணு குடம் என்றால் எவ்வளவு என்று. இரண்டு தடவை போட்டாள். "சரியா வருது. இருபது டிகிரி. அப்படியே சரியா வருது" என்றாள். அவள் முகத்தில் பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. கணக்கு ஒத்துவந்துவிட்டால் வீடு எரிந்தாலும் இவர்களுக்குச் சந்தோஷம்தான்.

"யாரு ஊத்தினது?"

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஜெயிலா?"

"நான் பாத்துக்கிடுகேன்."

அதை நான் நம்பவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

ஜெயில் இல்லை. நடந்தது அதைவிட விசித்திரம்.

டைரக்டர் மகுடேஸ்வரன் என்னையும் கோமளாவையும் பச்சையம்மாளையும் ஏசி ரூமில் உட்கார வைத்து டீ கொடுத்தார். டீ வந்தபோதே நினைத்தேன், இந்த ஆள் ஏதோ பண்ணப்போகிறார் என்று.

"மறுபடி புதுசாக் குடைஞ்சு சோதனைன்னா ஆறு வருஷம்" என்றார். "அதுவரைக்கும் கழிவு எல்லாம் மேலே தொட்டியில கிடக்கு. நிரம்பி வழியற நிலைமை. அங்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு? நான் டெல்லியில பேசிட்டேன். யோசிச்சுப் பாத்தா சோதனை கெடவே இல்லை. நாம சோதிச்சது நனைஞ்ச சுவரை. நனைஞ்ச சுவர் தேறிடுச்சு. இனிமேலும் அதே மாதிரி நனைச்சுட்டே இருந்தா நம்ம சர்டிபிகேட் செல்லும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"சூடு அடங்கற வரைக்கும்."

"முந்நூறு வருஷம்" என்றாள் செலின், டீயைப் பார்த்துக்கொண்டே.

"பைப்பு போட்டு விடுங்களேன். ஒரு பம்பு."

இதற்கு மேடம்தான் பதில் சொன்னாள். "அதைத்தான் முதல்ல நானும் சொன்னேன் ஐயா. பம்பு இருபது வருஷம் ஓடும். பைப்பை உப்பு அடைக்கும். பம்பு வித்த கம்பெனி பேரே அதுக்குள்ள மாறிரும். முந்நூறு வருஷம் நிக்காம ஓடின மிஷின் உலகத்துல ஒண்ணுகூட இல்ல. ஆனா முந்நூறு வருஷமா விடாம தண்ணி ஊத்துற சாமி நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு இருக்கு."

அப்படித்தான் அந்த வேலை பிறந்தது. பெயர், 'சுவர்க் குளிர்விப்பாளர், நிலை ஒன்று'. நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. ஷிப்டுக்கு ஒருத்தியாக மூன்று பேர். காலை ஷிப்டுக்குத் தலைமை கோமளா. சோதனையின்போது என்னென்ன செய்தார்களோ அது ஒன்றுகூட மாறக்கூடாது என்று டெல்லி சொல்லிவிட்டதால், எது கல்லைக் காப்பாற்றியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விதியில் எழுதினார்கள். ஒரு குடத்துக்கு இவ்வளவு மஞ்சள், இவ்வளவு வேப்பிலை. சுவருக்கு முன்னால் செருப்பு கூடாது. உரக்கப் பேசக்கூடாது. பச்சையம்மாள் வாய் சும்மா இருக்காமல், அம்மை கண்ட வீட்டில் தாளிக்கமாட்டோம், இங்கே ஊற்ற ஆரம்பித்ததில் இருந்து எங்கள் டப்பாவிலும் தாளித்த குழம்பு இல்லை என்று சொல்லி வைத்தாள். மறுவாரம் கேன்டீன் சுவரில் சர்க்குலர், நிலைய வளாகத்துக்குள் எண்ணெயில் கடுகு தாளிப்பது தடை செய்யப்படுகிறது. கீழே டைரக்டர் கையெழுத்து, சீல். பெரிய பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் தாளிக்காத சாம்பாரை ஊற்றிக்கொண்டு வாய் பேசாமல் சாப்பிட்டார்கள்.

ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடத்தைத் தனியாகப் பிடித்தேன்.

"சூடான கல்லுல பச்சைத்தண்ணி ஊத்துறது கல்லை உடைக்கிறவன் செய்ற வேலைம்மா. நீங்க கல்லைக் காப்பாத்த அதையே செய்றீங்க."

"அந்தச் சூடு வேற, இந்தச் சூடு வேறன்னு சொன்னேம்லா. இதுல வெடிக்காது."

"ரெண்டு வருஷத்துல வெடிக்கல. நூறு வருஷத்துல? தினம் மூணு வேளை நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சு?"

"தெரியல ஐயா. வெடிக்காதுன்னுதான் கணக்கு சொல்லுது."

தெரியல என்று ஒரு படித்தவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நம்பிக்கை வரவில்லை.

வண்டி வருவதற்கு முந்தின வாரம் நாலாம் கிளையிலேயே ஒரு மேஜை போட்டு வேலை உத்தரவு கொடுத்தார்கள். கோமளா தலைக்குக் குளித்துப் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள். வீட்டுப் பெரியவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று படிவத்தை என் முன்னால் வைத்தார் டைரக்டர். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், எனக்கு நேரம் ஆகும். இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். ஆகட்டும் என்று படித்தேன்.

முதல் வரியில் கோமளா பெயர். அதற்குக் கீழே 'வழிவழிப் பொறுப்பு' என்று போட்டு, இரண்டு, மூன்று, நாலு என்று பன்னிரண்டு வரைக்கும் கோடு. கோட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை, வெறும் காகிதம்.

"இது என்ன சார்?"

"ஒரு ஆளுக்கு இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். பன்னெண்டு பேர், முந்நூறு வருஷம். உங்க குடும்பத்துக்கே முன்னுரிமை. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க."

"பொறக்காத புள்ளைங்களுக்கு இப்பவே குடத்தைத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

"வேலைய்யா அது! ஊர்ல எத்தனை பேரு கேக்கறாங்க தெரியுமா?"

கோமளா என் பக்கம் குனிந்தாள். கிளைக்குள் உரக்கப் பேசக்கூடாது, அவளே அதற்குக் காவல். "மாமா, ஜெயிலுக்குப் போவேன்னு நினைச்சேன். இன்னைக்கு என் பேருல அரசாங்க சீலு இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

"நீ போட்டுக்கம்மா. உன் பேரு உன்னோடது. அடியில இருக்கிற பதினோரு பேரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

பேனாவை மேஜைமேல் வைத்தேன். டைரக்டர் முகம் சுருங்கியது. சாட்சிக்கு வேறு ஆள் கிடைக்கும், அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பச்சையம்மாள் போட்டாள்.

கிளம்பினவன் நின்று மேடத்திடம் கேட்டேன், "பன்னெண்டாவது ஆளு இருக்காளே, அவ காலத்துல சூடு அடங்கிடும்னு சொன்னீங்க."

"ஆமா. பொறவு ஊத்த வேண்டாம்."

"அதை அவகிட்ட யாரு சொல்லுவா?"

அவள் டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"முந்நூறு வருஷம் ஊத்தினவங்க வீட்டுல போய், போதும் தாயே, குடத்தை வைன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல? அந்த வேலைக்கு ஒரு படிவம் போட்டிருக்கீங்களா?"

டைரக்டர் படிவத்தைப் புரட்டினார். நிஜமாகவே புரட்டித் தேடினார். செலின் மேடம் தேடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் லிப்டை நோக்கி நடந்தேன். பின்னால் ஷிப்டு மணி அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற காலடி கேட்டது. அப்புறம் குடம் கவிழ்கிற சத்தம், சூட்டுக்கல்லில் தண்ணி இறங்கி உஸ்ஸென்று மூச்சு விடுகிற சத்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பிப் பார்க்காமல் லிப்டுக் கதவை இழுத்து மூடினேன்.